தொட்டியில் கோரை, கழனியில் கண்

மற்றவர்கள் பிடுங்கி எறிவதை நட்டு விற்பவருக்கு வாடிக்கையாளரைவிட அக்கம்பக்கத்தாரிடம்தான் பயம் அதிகம். செடி விற்கும் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். தாவரவியல் படித்துவிட்டு, சேவூரில் எங்கள் வீட்டின் பின்புறம் சிமென்ட் தொட்டிகளில் பாய்க்கோரை வளர்க்கிறேன். வீட்டில் சிறு நீர்த்தோட்டம் வைப்பவர்கள் வாங்குகிறார்கள். ஒட்டினாற்போல் ஏழுமலை அண்ணனின் கழனி. அம்மா அங்கேதான் களையெடுக்கப் போகிறார். ஆரம்பத்திலேயே அண்ணன் சொல்லிவிட்டார்: "உன் கோரை ஒண்ணு என் கழனிக்கு வந்தாலும் உங்கம்மாவுக்கு இங்க வேலை இல்ல."

ஊறப் போட்ட நூல்

இதை நான் பார்க்கவில்லை, அம்மா சொன்னது. பசை நீக்காத பட்டு நூலைத் தறிக்காரர்கள் கோரா என்பார்கள். டீக்கடையில் யாரோ "அந்தப் பொண்ணு கோரை விக்குது" என்றது, ஒரு தறிக்காரர் காதில் கோரா என்று விழுந்திருக்கிறது. பையோடு வந்தவரை அம்மா தொட்டிக்கு அழைத்துப் போனார். அவர் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். "ஊறினது போதும்மா, நூல எடுத்துக் காட்டுங்க."

பரவுமா?

ஆரணியில் புதுவீடு கட்டிய ஒரு அக்கா இரண்டு தொட்டி கேட்டார். "பரவுமா?" என்றார். "பரவுங்க. தரையில வெச்சா பிடிக்க முடியாது. தொட்டியிலயே இருக்கணும், தண்ணி வழியக் கூடாது" என்றேன். ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டார். "இப்டிப் பேசிகினு இருந்தா நீ எப்பம்மா வியாபாரம் பண்ணுவ?"

பிடுங்கிப் பார்த்தது

நடவு முடிந்த மூன்றாம் வாரம், ஏழுமலை அண்ணன் வேர் அறுந்த ஒரு கைப்பிடிக் கோரையோடு வந்து நின்றார். "இது யாருது?" பின்னால் அம்மா, சேறு காயாத கையோடு. கழனியில் எப்போதும் வரும் கோரையின் வேரில் கருப்பாகக் கிழங்கு இருக்கும், என்னுடையதில் இருக்காது என்றேன். "அப்ப வேரோட பிடுங்கிக் காட்டு" என்றார். வரப்போரம் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கிழங்கு, கிழங்கு, கிழங்கு. என் தொட்டித் தண்ணீர் வழிந்து வரும் மூலையில் ஒன்று கிழங்கில்லாமல் வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் மூடினால் மூடிவிடலாம்.

"இது என்னுதுங்க" என்றேன். அதை அவர் பக்கம் நீட்டினேன்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, உங்கம்மா வரட்டும். ஆனா இந்தப் போகம் முடியிற வரைக்கும் களையெடுக்க நீயும் கூட எறங்கணும்" என்று சொல்லிப் போய்விட்டார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகினார். "வாம்மா பட்டதாரி, ஜல்தி எறங்கு."

அந்த வாரமே கழனி முழுக்க நடந்து பார்த்து, என் தொட்டிகளையும் சரிபார்த்தேன்: என் கோரை அங்கே வேறு ஒன்றும் இல்லை, அவர் கழனிக் கோரைதான் கிழங்கும் கையுமாக என் தொட்டிகளில் ஏழு முளைத்திருந்தது.