ஷெட்டு விளக்கு என் கையில் இருந்தபோது

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சந்துக்குள் கார் திரும்பாது என்பதால், நைனா கார் ஷெட்டை வீட்டிலிருந்து தள்ளி, ஊர்ப் பாதையை ஒட்டிக் கட்டியிருந்தார். வெளிச்சுவரில் இரண்டு விளக்குகள். அவற்றுக்கு ஸ்விட்ச் ஷெட்டுக்குள். அம்மா போன பிறகு அவர் அங்கே தனியாக இருந்தார். நான் திருப்பதியில், அலிபிரிப் பக்கம் குடியிருக்கிறேன்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம் விளக்குப் போடப் போனவர் சேற்றில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் நான் பயந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எலக்ட்ரீஷியனை அழைத்துப்போய், பழைய ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, போனில் இயக்கும் ஸ்விட்ச்சைப் பொருத்தினேன். ஆறு மணிக்குத் தானாக எரியும், பத்து மணிக்கு அணையும்.

"இனிமே நீ அந்தப் பக்கம் போகவே வேணாம் நைனா. நான் அங்கிருந்தே பாத்துக்கறேன்."

அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். "காலையில நாலரைக்கும் கொஞ்சம் போடுடா. இருட்டா கீது."

"அந்நேரத்துக்கு யாரு நைனா வரப்போறா? நீ தூங்கு."

மறு வாரம் திரும்பவும் கேட்டார். அப்போது ஆபீஸில் தலைக்குமேல் வேலை. "சொன்னதையே சொல்லிகினு இருக்காதே நைனா" என்று போனை வைத்துவிட்டேன். அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது, விடியற்காலையில் எழுந்து உலாத்துகிறார் என்று என் மனைவியிடம் சொன்னேன். அதற்குமேல் நைனா கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் அந்த இரண்டு விளக்குகளும் எரிவதைப் பார்த்து, நல்ல மகனாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஊரிலிருந்து சேதி வந்தது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா, ஒற்றை மாட்டை வைத்துப் பிழைப்பவர், பால் கேனோடு ஷெட் பக்கத்துக் கால்வாயில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். விடியற்காலை ஐந்து மணிக்குள் பால் சென்டருக்குப் போக அவருக்கு அந்தப் பாதைதான். நைனா ஸ்விட்ச் வைத்திருந்த காலமெல்லாம் நாலரைக்கு எழுந்து அவருக்காக விளக்குப் போட்டிருக்கிறார். நான் அதைப் பிடுங்கிய பிறகு, டார்ச்சை எடுத்துக்கொண்டு தான் வழுக்கி விழுந்த அதே சேற்றைத் தாண்டிப் போய், அக்கா கால்வாயைக் கடக்கும்வரை வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா விழுந்த அன்றைக்கு நைனாவால் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை.

சித்தூர் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் அந்நேரத்துக்குப் போறது உனுக்கு எப்டி தம்பி தெரியும்? நீ திருப்பதில கீற" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. "எங்க நைனா ரெண்டு தபா சொன்னாருக்கா. நான்தான் கேக்கல."

அவர் கட்டின் நுனியில் பிரிந்திருந்த நூலை மற்றக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது வழக்கமாகச் சொல்லும் "காப்பி குடிச்சிட்டுப் போ" கூட வரவில்லை.

அந்தக் கையால் பால் கறக்க முடியாமல் போனது. தை முடிவதற்குள் மாட்டை விற்றுவிட்டார். இப்போது கோழிப் பண்ணை ஒன்றில் முட்டை அடுக்கும் வேலைக்குப் பகலில் போகிறார். ஷெட்டில் பழைய ஸ்விட்ச்சைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். விடியற்காலையில் அந்தப் பாதையில் போக இப்போது ஆளில்லை.

பழைய ஸ்விட்ச்சைத் திரும்ப மாட்டிய அன்று நைனாவிடம் கேட்டேன். "அக்காவுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஆளு போவாங்கன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள நீ போனை வச்சிட்ட. மூணாவது தபா கேட்டா, நைனாவுக்கு புத்தி பேதலிச்சிப் போச்சின்னு டாக்டர்கிட்ட இட்டுகினு போயிருப்ப."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் இரண்டாவது தடவை கேட்ட அந்த வாரமே நான் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் அவருக்காக நேரம் கேட்டு வைத்திருந்தேன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.