நிஷாத் பேகத்தின் தலையணை உறை

யுத்த காலத்தில் திருத்தணியில் பட்டில் கறை பட்டால் ஆலம் பீ வீட்டுக்குத்தான் வருவார்கள். கிருத்திகைக் கூட்டத்தில் சிந்திய விளக்கெண்ணெயோ கல்யாணத்தில் தெறித்த வெற்றிலைச் சாறோ, இழை நோகாமல் எடுத்துவிடுவாள். கணவர் குலாம் ரசூல் இறந்த பிறகு அந்த வேலைதான் அவளுக்கும் ஒரே மகள் நிஷாத்துக்கும் சோறு போட்டது.

நிஷாத்தை அரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த வாஹித்துக்குக் கட்டிக்கொடுத்தாள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும் மாமி, உடம்பு தேறட்டும்" என்று வாஹித் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனான்.

சீக்கிரமே இருமலோடு ரத்தம் வந்தது. சீதனமாகத் தந்த மல் துணித் தலையணை உறையில், சிவப்புப் பட்டுநூல் பூக்களுக்கு நடுவே, அது தெறித்துக் கிடந்தது. காசநோய் என்றார் வைத்தியர்.

மருமகனுக்குத் தெரிந்தால் மகளின் வாழ்வு போச்சு என்று ஆலம் பீ பயந்தாள். மாற்றுறை தைக்கலாமென்றால் ரேஷனில் துணியே கிடைக்கவில்லை. வெந்நீர் பட்டால் ரத்தம் இழையோடு ஒட்டிக்கொள்ளும். சவுக்காரம் பட்டால் பூவின் சாயம் கரையும். விடிந்ததும் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பூந்திக்கொட்டை நுரையைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்துவாள்.

"வுடும்மா, தெனம் இதே வேலையா?" என்பாள் நிஷாத்.

"நீ சும்மா படு. உன் ஊட்டுக்காரர் வந்தா என்ன நெனைப்பாரு?"

வெள்ளிக்கிழமைகளில் வாஹித் வருவான். வாசலோரம் உட்கார்ந்து, டீயைத் தொடாமல் எழுந்து போவான். பிறகு அதுவும் நின்றது.

ஒருநாள் காலை ஆலம் பீ கிணற்றடியில் உறையை அலசிக்கொண்டிருந்தபோது வாஹித் எதிரே வந்து நின்றான். தண்ணீர் சிவந்திருந்தது. அவள் சட்டென்று உறையை முந்தானைக்குள் சுருட்டினாள்.

"சூடு தம்பி. மூக்குல கொஞ்சம் ரத்தம்…"

"எனக்குத் தெரியுங்க மாமி. அரக்கோணத்திலேயே டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் இங்க கொண்டாந்து வுட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மா வேற எடத்துல பொண்ணு பேசிகினு இருக்காங்க."

சுருட்டிய உறையின் ஈரம் அவள் சேலையில் பரவியது. இத்தனை நாளும் யாருக்காக ஒளித்தோம் என்று நினைத்தாள்.

"உள்ள வந்து ஒரு வாட்டி அவ மொகத்த பாத்துட்டுப் போங்க தம்பி."

"ரயிலுக்கு நேரமாச்சுங்க."

உள்ளே போனதும் நிஷாத் கேட்டாள்: "அவர் கொரல் மாதிரி இருந்துச்சே?"

"ஆங்… இல்லம்மா. சேலை குடுக்க வந்தவங்க."

மறுநாளும் அவள் உறையைத் துவைத்தாள். கண் விழித்ததும் சிவப்பைப் பார்த்தால் பெண் மிரண்டுபோவாளே என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மழைக்கு முன்பே நிஷாத் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த வாஹித் பின்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினான். காசநோய் கண்ட வீடு என்று ஊரார் பட்டு கொடுப்பதையும் நிறுத்தினார்கள். ஆலம் பீ பொதட்டூர்பேட்டைக்குப் போய், ஒரு தறிக்காரர் வீட்டில் நாடாவுக்கு நூல் தார் சுற்றும் வேலைக்கு அமர்ந்தாள். பிள்ளைகள் உண்டா என்று அங்கே யாராவது கேட்டால், இல்லை என்றாள்.