பிள்ளையைக் கொடுக்காத திப்பு

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் திப்பு சுல்தானாக இருந்தேன். சரியாகச் சொன்னால், ஒன்றேகால் மணி நேரம் இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் அதற்கு முன்பு பெண்பிள்ளை யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை.

ஆண்டு விழாவுக்குத் திப்பு நாடகம் என்று சரித்திர வாத்தியார் அறிவித்ததும் வகுப்பில் இருந்த பையன்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஆளுக்கு ஒரு வசனம் சொல்லச் சொன்னார். ஒருவன் குரலும் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. "கும்பினியானே, மைசூர் மண்ணில் கால் வைக்காதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் சாக்பீஸும் கையுமாக ஓடிவந்து எட்டிப் பார்த்தார். வாத்தியார் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தினமும் விடியற்காலை ரயிலேறித் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தவர், அப்போது மூன்று மாதமாக வீட்டிலேயே இருந்தார். கதவடைப்பு என்றார்கள். எங்களுக்கு முழுப் பரீட்சை லீவு மாதிரி நைனாவுக்கும் ஒரு லீவு என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கென்ன கஷ்டம், கத்தி செய்து கொடுக்க வீட்டில் ஆள் இருந்தது! எண்ணெய் டின்னை வெட்டி, வளைத்து, பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றி, அசல் சுல்தானே பொறாமைப்படும்படி ஒன்று செய்துகொடுத்தார். நான் வசனம் ஒப்பிக்கும்போது எதிரில் வெள்ளைக்காரத் துரையாகவும் நின்றார். வெட்டினால் ஒழுங்காகச் செத்தும் விழுவார்.

ஒரு காட்சி மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. போரில் தோற்ற திப்பு, உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு, தன் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிணையாக வெள்ளைக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும். சின்ன இளவரசன் வேஷம் என் தம்பிக்கு. ஒன்றாம் வகுப்பில் இருந்தான்.

"எதுக்கு சார் குடுக்கணும்? இன்னொரு வாட்டி சண்டை போட்டா இன்னா?" என்று ஒத்திகையில் கேட்டேன்.

"சரித்திரத்துல குடுத்துட்டாரும்மா. உனக்காக மாத்திக்கினு இருக்க முடியுமா? சொன்னதைச் செய்," என்றார் வாத்தியார்.

எனக்குச் சுல்தான் மேலேயே கோபம் வந்தது. அவ்வளவு பெரிய வீரர் இப்படியா செய்வார் என்று நைனாவிடம் போய் நின்றேன். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லும் நைனா அன்றைக்கு, "ஒத்திகைக்கு நேரமாவுது பாரு, கெளம்பு," என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

விழாவன்று ஊத்துக்கோட்டையிலிருந்து அத்தை வந்து இறங்கினார். நைனாவின் அக்கா. பிள்ளையில்லாதவர், கொஞ்சம் நிலமும் இரண்டு எருமையும் உண்டு. என் நாடகத்தைப் பார்க்கத்தான் பஸ் பிடித்து வந்திருக்கிறார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சாயங்காலம் பள்ளி மைதானம் நிறைந்து வழிந்தது. அம்மாவின் கல்யாணப் புடவை எனக்குத் தலைப்பாகை. கரியால் போட்ட மீசை. வெள்ளைக்காரத் துரையாக நடித்தவன் ரயில்வே போர்ட்டரின் மகன். அவன் அப்பாவின் சிவப்புச் சட்டையைப் போட்டு, கையில் பித்தளை வில்லையையும் கட்டி, முகத்தில் அரை டப்பா பவுடரை அப்பிக்கொண்டு வந்தான். அவனை முதல் சண்டையில் நான் விரட்டியபோது எழுந்த விசில் சத்தத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உடன்படிக்கைக் காட்சி வந்தது. மேஜை, மைக்கூடு, காகிதம். துரை என் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தான். ஒத்திகையில் பத்துத் தடவை சிரித்துக்கொண்டே போன பயல், திடீரென்று வீறிட்டு அழுதான்.

"அக்கா, நான் போ மாட்டேன்க்கா! என்னை அனுப்பாதக்கா!"

இளவரசன் சுல்தானை அக்கா என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். எழுதிக்கொடுத்த வசனம் அத்தனையும் மறந்து போனது. காகிதத்தைக் கிழித்து வீசினேன். கத்தியை உருவினேன்.

"யாரு ஊட்டுப் புள்ளைய யாருடா இட்டுக்கினு போறது? உடுடா கைய!"

மைதானமே எழுந்து நின்றுவிட்டது. "குடுக்காத திப்பு! குடுக்காத!" என்று ஆம்பளை பொம்பளை வித்தியாசமில்லாமல் கத்தினார்கள். "சார், இவ நெசமாவே வெட்றா சார்!" என்று துரை மேடையிலிருந்து குதித்தான். அவன் பின்னால் நாலு பேர் கொண்ட ஆங்கிலேயப் படையும் குதித்து ஓடியது. படுதாவுக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "குடுத்துடும்மா, உன் கால்ல உழறேன், குடுத்துடு!" என்று கெஞ்சினார். நான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கத்தியை உயர்த்திப் பிடித்தேன். நியாயப்படி அன்றைக்கே இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் வாத்தியார் மைக்கைப் பிடித்து, "இரண்டாண்டு கழித்துப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்," என்று அறிவித்தார். போகாத பிள்ளைகள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடைசிப் போரில் கோட்டை வாசலில் நான் செத்து விழுந்தபோது கைதட்டல் ஓயவே இல்லை. ஓரக்கண்ணால் நைனாவைத் தேடினேன். துண்டால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை ஊத்துக்கோட்டை பஸ்ஸில் அத்தையோடு தம்பியும் உட்கார்ந்திருந்தான். மடியில் துணிப்பை. இனி அங்கேதான் இருப்பான் என்று பஸ் புறப்படும்போதுதான் எனக்குச் சொன்னார்கள். கரி மீசை முழுதும் போகாத முகத்தோடு நைனாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"நேத்து நான் குடுத்தனா? நீ மட்டும் ஏன் நைனா குடுக்கற?"

"நீ சுல்தான் கண்ணு," என்றார். "நான் இல்லியே."

அதன்பிறகு பல வாரம் அவரோடு நான் பேசவில்லை. என் நைனா கோழை என்று சிநேகிதிகளிடம் சொன்னேன். ஊரில் எல்லோரும் என்னைத் திப்பு, திப்பு என்று கூப்பிட்டதில் தலைகால் புரியாமல் திரிந்த நாட்கள் அவை. தம்பி மேடையில் அழுதது துரையின் சிவப்புச் சட்டையைப் பார்த்து அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. அத்தை வீட்டுக்குப் போகவேண்டும் என்று அன்று காலையிலேயே அம்மா அவனிடம் சொல்லியிருந்தாள். தொழிற்சாலை திறந்து, அவனைத் திரும்ப அழைத்துவர ஒன்றரை வருஷம் ஆனது. எருமைப்பால் குடித்து, என்னைவிடக் குண்டாகி வந்தான்.

நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மா மீதியைச் சொன்னாள். வீட்டில் அடுப்பெரியாத அந்த நாட்களில், மெட்ராஸில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்க என்னை அனுப்பிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசி முடித்திருந்தார்களாம். பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஆம்பளைப் பிள்ளையை எவனாவது அனுப்புவானா என்று நைனாவை ஏசினார்களாம். "அது படிக்கட்டும்" என்று சொன்னவர், எத்தனை பேர் வந்து கேட்டும் அதையே சொன்னாராம். அந்த மனுஷன் என் தட்டில் சோறு போட்டபோதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.