வீலாவின் புருவம்

இலோனாவின் மேசையில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். பிராத்திஸ்லாவாவில் எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில் எல்லோர் மேசையிலும் ஒன்று உண்டு. பாத்திரம் கோபப்பட வேண்டுமென்றால் நாங்கள் கண்ணாடியில் கோபப்பட்டுப் பார்த்துத்தான் வரைவோம்.

அவள் கிழக்கே, ஜிப்சிகள் என்று மற்றவர்கள் இளப்பமாகச் சொல்லும் ரோமா மக்களின் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவள். பள்ளியில் மந்தபுத்திப் பிள்ளைகளின் வகுப்பில் போட்டார்கள். ரோமா பிள்ளைகளை அங்கே போடுவதுதான் அந்தப் பள்ளியில் வழக்கம். பாடம் அதிகமில்லை, நாள் முழுக்க வரைந்தாள். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, உப்பு கேட்கிற குரலில் இதைச் சொன்னாள்.

அந்த வருடப் படம் வீலாவைப் பற்றியது. காட்டில் ஆடுகிற மாயப்பெண். ஒரு குதிரைத் திருடன் அவள் முக்காட்டைத் திருடிவிடுகிறான். அது இல்லாமல் காட்டுக்குத் திரும்ப முடியாது. ஊருக்குள் வருகிறாள், ஊரே அவளைப் பார்க்கிறது.

அந்த ஷாட் இலோனாவுடையது. எல்லோரும் பார்த்து வரைய வேண்டிய மாதிரிப் படத்தில் வீலாவுக்கு வெளிர்முடி, நூல் போன்ற புருவம். இலோனா வரைந்ததில் முடி வெளிராகவே இருந்தது. புருவம் அடர்ந்து, நடுவில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தது. அது இலோனாவின் சொந்தப் புருவம்.

"கண்டுபிடிச்சிடுவாங்க இலோனா," என்றேன். நான் பக்கத்து மேசை.

"பிடிக்கட்டும்."

ஆனால் திரையிடலின்போது காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஷாட் ஓடியது. வீலா தலைநிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். விளக்கு எரிந்ததும் தயாரிப்பாளர் தாக்மார், "படத்துலயே இதுதான்பா நல்ல ஷாட்," என்றார். இலோனா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இன்னொரு தடவ போடு," என்றான் இயக்குநர் ராதோவான். பாதியில் நிறுத்தச் சொன்னான். திரையைப் பார்த்தான். திரும்பி இலோனாவைப் பார்த்தான்.

"இது நம்ம வீலா இல்லையே."

"வேற யாரு வீலா?"

"விளையாடாத. கதையில அவ இப்படியா இருப்பா?"

"நீ போய்ப் பாத்தியா?"

தாக்மார் குறுக்கிட்டார். "இங்க பாரும்மா, உங்க ஆளுங்கள நாங்க விட்டுடல. குதிரைத் திருடன் இருக்கான்ல? எல்லா மக்களும் படத்துல இருக்கணும்னு மானியம் குடுக்கறவங்க கேட்டப்போ அவனத்தான் காட்டினோம்."

"திருடனையா மேடம்?"

"கடைசியில திருந்திடறான்ல!"

யாரோ சிரித்தார்கள்.

"புருவத்த மெலிசாக்கு. அவ்வளவுதான்," என்றான் ராதோவான்.

"மாட்டேன்."

"அப்போ மிரோ பண்ணுவான். ஷாட்ட அவன்கிட்ட குடு."

ஷாட் என் மேசைக்கு வந்தது. அந்தப் பார்வையோடு புருவம் சேர்ந்தே அசைந்தது. புருவத்தை மாற்றினால் முகத்தையே புதிதாக வரைய வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து, ஊரே என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பல்வலிக்காரன் ஒருவன் தெரிந்தான். தாள் தாளாகக் கிழித்தேன். இலோனா தலை தூக்கவில்லை.

"எப்படி இந்த மூஞ்சிய கொண்டு வந்த?" என்று கேட்டுவிட்டேன்.

"கடைக்குள்ள போனா காவலாளி உன் பின்னாடியே வருவானா?"

"இல்ல."

"அதான் உனக்கு வரல."

என் நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்தேன். "நீ அந்தப் பார்வை பாரு. நான் வரையறேன்."

"மெலிசுப் புருவத்துக்கு நான் உக்கார மாட்டேன் மிரோ."

"கண்ணுக்குத் தெரியறதத்தான் போடுவேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வரைந்தேன்.

ராதோவான் பின்னால் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னேன் உன்கிட்ட?"

"இந்த மூஞ்சிக்கு வேற புருவம் இல்ல ராதோ."

தாள்களைப் பிடுங்கினான். கிழிக்கப்போகிறான் என்று நினைத்தேன். விரலிடுக்கில் வைத்துச் சரசரவென்று புரட்டினான். வீலா தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மறுபடி புரட்டினான். மறுபடியும் பார்த்தாள்.

தாள்களை என்னிடம் தரவில்லை. இலோனாவின் மேசையில் வைத்தான்.

"தாக்மார்கிட்ட நான் பேச மாட்டேன். நீயே மேல அவங்க ரூமுக்குப் போய்ப் பேசிக்கோ."

"நீ தடுக்காம இருந்தா போதும்."

"தடுக்கல."

இலோனா எழுந்து தாள்களை அடுக்கினாள். சுவரில் குத்தியிருந்த குதிரைத் திருடனின் மாதிரிப் படத்தையும் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?" என்றான் ராதோவான்.

"மேல போறதுதான் போறேன், இவனப் பத்தியும் கேட்டுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.