கட்டுக்குள் வைத்த பச்சிலை

எனக்கு எட்டு வயதிருக்கும்போது மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து அப்பாவின் கணுக்கால் நசுங்கியது. கம்பெனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காயங்களுக்குக் கட்டுப் போட அங்கே ஒரு டிரெஸ்ஸர் இருந்தார். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன் கார்பாலிக் மருந்து கலந்த தண்ணீரில் முழங்கைவரை கழுவுவார். கழுவிக் கழுவி அவர் விரல்களில் தோல் உரிந்திருந்தது.

அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. முதல் நாளே அவள் கட்டைப் பிரித்துப் பார்க்கப் போக, அவர் ஓடிவந்து தடுத்தார்.

“தொடாதீங்கம்மா. கைல கண்ணுக்குத் தெரியாத அழுக்கு கீது. புண்ணுல பூந்துச்சுன்னா காலே பூடும்.”

“கண்ணுக்குத் தெரியாதது அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் அம்மா.

காயக்கட்டின் மேல் யாராவது கைவைத்தால் நோயாளியை வெளியே அனுப்பிவிடுவதாக வெள்ளைக்கார டாக்டர் துரை எச்சரித்திருந்தார். அப்படி அனுப்பப்பட்டவனுக்கு வேலையும் இல்லை, கம்பெனி கொடுத்த லைன் வீடும் இல்லை. அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பச்சிலையை மஞ்சளோடு அரைத்து, துணியில் முடிந்து, என் பாவாடைக்குள் செருகினாள்.

“நீ சின்னப் பொண்ணு. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. வெச்சுட்டு வந்துடு.”

அப்பா வலியில் கண்ணை மூடிக்கிடந்தார். கட்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. வழியில் புழுதியில் விளையாடிவிட்டு வந்த விரலால் அந்த விழுதை உள்ளே தள்ளினேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வீடு திரும்பினேன்.

அதற்கு இரண்டாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. நானும் அம்மாவும் போனபோது டிரெஸ்ஸர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாற்றம் குமட்டியது. புண்ணில் பச்சையாக ஏதோ அப்பியிருப்பதைக் கண்டு அவர் கை நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பஞ்சால் அதைச் சுத்தமாக வழித்து, வாளிக்குள் ஆழ அமுக்கினார்.

டாக்டர் துரை வந்து குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார்: “யார் செய்த வேலை இது?”

“எம் மேலதான் தப்பு தொர. அவசரத்துல கை கழுவாம கட்டிட்டேன்.”

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் காலுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அப்பா பிழைத்தார், சுரங்கத்தின் வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். வீடும் தங்கியது. டிரெஸ்ஸரைத் தப்பை ஒப்புக்கொண்ட அன்றே நீக்கிவிட்டார்கள். தகரப்பெட்டியோடு அவர் ரயிலேறிப் போனதாகச் சொன்னார்கள்.

கை கழுவாத டிரெஸ்ஸரால்தான் எங்கப்பா கால் போச்சு என்று லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அம்மாவின் காதில் அது விழுந்தது. என் வாயில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அந்த மனுஷன் சொன்னதைத்தானே நானும் சொன்னேன், அதற்கு ஏன் அடிக்கிறாள் என்று அன்று முழுவதும் அழுதுகொண்டிருந்தேன்.