ரிசப்ஷனுக்கு ஒரு கறுப்புக் கோட்டு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. ஆனால் வைகாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். விருதுநகர் பஜாரில், மதியம் மூன்று மணி வெயிலில், எனக்கு ஒரு கோட்டு சூட்டு வாங்குவதற்காக நானும் அக்காவும் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். வைகாசியில் அந்த ஊரில் சட்டை போட்டிருப்பதே தண்டனை. அதற்கு மேல் கோட்டு வேறு.

அப்போது எனக்கு முப்பது வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போனவன். மும்பையில் ஓட்டலில் தட்டு கழுவினேன். ஆந்திராவில் போர்வெல் லாரியில் குழாய் தூக்கினேன். திருப்பூரில் மூட்டை சுமந்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் கால் தரிக்கவில்லை. கடைசியில் சொந்த ஊரான சிவகாசிக்கே திரும்பி, ஒரு அட்டைக் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா இல்லை. எனக்குப் பெண் பார்த்ததும் பேசி முடித்ததும் அக்காதான்.

பெண் விருதுநகர். அவளுடைய அப்பா பருப்பு மில்லில் வேலை பார்த்தவர். அண்ணன் மட்டும் படித்து, சென்னையில் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. “ஊரு ஊரா சுத்துன ஆளு. நாளைக்குத் திரும்பவும் கிளம்பிட்டாருன்னா என்ன செய்யிறது?” என்று அவர் சொன்னது அக்கா காதுக்கு வந்திருந்தது. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அவரே போன் செய்தார். சாயங்காலம் ரிசப்ஷன், ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள், மாப்பிள்ளை கோட்டு சூட்டில்தான் நிற்க வேண்டும் என்றார்.

நான் முடியாது என்றேன். அக்கா விடவில்லை.

“கோட்டைப் போட்டு நிக்கிறே. ஊரு சுத்திப் பயன்னு ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது.”

என் கையில் காசு தங்காது என்பதால் கல்யாணக் காசு முழுக்க அக்காவிடம்தான் இருந்தது. அதில் பாதிக்கு மேல் அவளுடைய தீபாவளி போனஸ். ஒரு சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பாள். வேலைக்குப் போனாலும் அது இடுப்பை விட்டு இறங்காது. அவள் வேலை பார்த்தது பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் இடத்தில். வெயில் காலத்தில் அந்த வேலையை விடிந்ததும் தொடங்கிச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். அன்றும் வேலை முடிந்து, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் என்னோடு பஸ் ஏறினாள்.

முதல் கடையில் கோட்டு வாடகைக்குத்தான் உண்டு என்றார்கள். குறைந்த செலவில் வேலை முடிகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். “கல்யாணத்தன்னைக்கு எவனோ போட்ட சட்டையையா போடுவே?” என்று அக்கா படி இறங்கிவிட்டாள். அடுத்து ஒரு தையல்காரர். இருபது நாள் வேண்டும் என்றார். ஆறு நாள்தான் இருக்கிறது என்றதும் எங்களைப் பார்க்காமலே மிஷினில் கிடந்த வேறு துணியைத் தைக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது கடையில் இருந்தது செங்கல் நிறம். பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை.

நான்காவது கடை மாடியில். மின்விசிறி ஓடவில்லை. அங்கேதான் ஒரு கறுப்புக் கோட்டு தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பேண்ட் இடுப்பில் நான்கு விரல் தொளதொளவென்று நின்றது. மூட்டை தூக்கித் தோள் மட்டும் அகன்றுவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை. வேறு பேண்ட் கேட்டேன்.

“செட்டைப் பிரிக்க முடியாது அண்ணாச்சி. பெல்ட்ட இறுக்கிக் கட்டுங்க. மேல கோட்டு மூடிரும்ல, யாரு வந்து தூக்கிப் பாக்கப் போறாக?” என்றார் கடைக்காரர்.

“நான் கையத் தூக்கிக் கும்பிட வேண்டாமா?”

“கொஞ்சமாத் தூக்கிக் கும்பிடுங்க.”

இரண்டாயிரத்து இருநூறு என்றார். அக்கா ஆயிரத்து அறுநூறில் தொடங்கினாள். அரை மணி நேரம். எனக்குக் கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. ஆயிரத்து எண்ணூறில் முடிந்தது. அக்கா சுருக்குப் பையைப் பிரித்து நோட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். பிறகு என்னைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, தோளில் கை வைத்து அழுத்தினாள்.

“ஏலே, கலெக்டர் கணக்கா இருக்கடா.”

கையை எடுத்தாள். கறுப்புத் துணியில் ஐந்து விரலும் வெள்ளி வெள்ளியாக மின்னின.

பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி. மாவை விட மென்மையாக இருக்கும். அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவித்தான் வந்திருந்தாள். ஆனால் அந்தச் சுருக்குப் பை தினமும் அவளோடு மருந்துக் கொட்டகைக்குப் போய் வந்த பை. பையெல்லாம் பொடி, நோட்டெல்லாம் பொடி.

“யக்கா, என்ன காரியம் பண்ணிட்டீக!” என்று கடைக்காரர் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். அது இன்னும் பரவியது. ஈரத் துணியால் துடைத்தார். துணியும் மின்னியது. “இனி இத நான் யாருட்ட விக்க? நீங்கதான் எடுத்துக்கிடணும். மொதல்ல சொன்ன வெலையக் குடுத்துருங்க, கொறைக்க முடியாது.”

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கடைக்காரரிடம் காட்டியிருக்கலாம். வெயிலிடம், சென்னை மச்சானிடம் காட்டியிருக்கலாம். நான் அக்காவைப் பார்த்துக் கத்தினேன்.

“கையக் கழுவிட்டு வரத் தெரியாதா ஒனக்கு?”

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “கழுவிட்டுத்தாம்லே வந்தேன்” என்று மெதுவாகச் சொன்னாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். காசைக்கூட அவள் எண்ணவில்லை, பையை அப்படியே என்னிடம் நீட்டிவிட்டாள். ஷூ வாங்க வைத்திருந்த காசும் அதில் போனது. சிவகாசி பஸ்ஸில் அக்கா முன்னால் ஏறி உட்கார்ந்தாள், நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் சலவைக் கடையில் கோட்டைக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “நூலுக்குள்ள போயிருச்சு அண்ணாச்சி. நம்ம ஊருல இருந்துக்கிட்டு யாராவது கறுப்பு எடுப்பாகளா?” முடிந்தவரை எடுத்துக் கொடுத்தார். பகலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் லேசாக மின்னும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு போட அக்கா வர வேண்டும். வரவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லி, சித்தி மகளை அனுப்பிவிட்டாள். அலைச்சல்தான் காரணம் என்று நானும் நம்பினேன்.

சாயங்காலம் ரிசப்ஷன். இரவல் ஷூ காலைக் கடித்தது. பேண்ட் பெல்ட்டை மீறி இறங்கியது. கொஞ்சமாகவே கையைத் தூக்கிக் கும்பிட்டேன். மச்சானின் ஆபீஸ் ஆட்கள் நான்கே பேர் வந்தார்கள். அதில் ஒருவர்கூடக் கோட்டு போட்டிருக்கவில்லை. வீடியோக்காரர் விளக்கை எங்கள் பக்கம் திருப்பியதும் பக்கத்தில் நின்ற என் மனைவி கேட்டாள்.

“ஏங்க, தோள்ல என்னமோ மின்னுதே?”

அக்கா கை பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் சொன்னேன். கடையில் நான் கத்தியதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் என் தோளை இன்னொரு தடவை பார்த்தாள்.

“அதான் காலையில வரலையா அவுக?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடையை விட்டு இறங்கினேன். பந்தியில் தேடினேன், சமையல்கட்டில் தேடினேன். மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வேலைக்காக நான்கு நாளாக அவள் கம்பெனிக்கே போகவில்லை. கையில் பொடி ஒரு துளி இல்லை. தோல்தான் சிவந்து, ஓரத்தில் உரிந்திருந்தது.

“என்ன செய்யிற இங்கன? போட்டோ எடுக்கணும், வா.”

“வேண்டாம்லே. அந்தப் பிள்ள கட்டியிருக்கது பட்டு. ஒட்டிட்டா என்ன செய்யிறது?”

அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் வாயில் வராது. எரிச்சலாகத்தான் வந்தது, அவள் மேல் இல்லை, என் மேல். “ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது, எந்திரி” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஈரக் கை. மேடையில் என் மனைவி நகர்ந்து இடம் விட்டாள். “மதினி, நடுவுல நில்லுங்க” என்றாள். அக்கா நின்றாள்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அந்தப் படத்தில் அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி ஒளித்து வைத்திருக்கிறாள். ஆனால் கேமரா வெளிச்சம் என் தோளில் பட்டிருக்கிறது. ஐந்து விரலும் அங்கே தெரிகின்றன.

அதற்குப் பிறகு கோட்டு போடும் சந்தர்ப்பம் எனக்கு வரவில்லை. மச்சான் பயந்தது போல் நான் ஊரை விட்டுக் கிளம்பவும் இல்லை. அக்கா அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் “கோட்டு வீணாப் போச்சு” என்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட நான் அந்தக் கடையில் கத்தியதைப் பற்றி அவள் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்தக் கோட்டை வாங்கிக் கொடுத்த கையைப் பார்த்துத்தான் கழுவிவிட்டு வரத் தெரியாதா என்று கேட்டேன் என்பது இன்றைக்கும் என் தோளில் கிடந்து கனக்கிறது.