சாட்சிக்கு இன்னொருவர்

இது இந்த டிசம்பர் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

நான் இரசாயனவியல் படித்தவள். ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு மாதிரியை இரண்டு தடவை சோதிக்காமல் முடிவு எழுத மாட்டேன். ஆட்களோடு கதைப்பதும் எனக்கு வராது. சொன்னால் கேள்வி கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவின் பெயர் இராசரத்தினம். நவம்பரில் அவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. அம்மாவும் அவரும் இருப்பது டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில், மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஒரு மாதத்துக்குப் படி ஏற வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் அப்பா என்னிடம் வந்தார். நான் வாடகைக்கு இருந்த வீடு, அங்கிருந்து காரில் அரை மணி நேரம், ஒரு சிறிய ஊரில் இருந்தது. மாடி கிடையாது. வாசலில் ஒரே ஒரு படி.

பழைய வீடு. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு அது ஒரு வக்கீலின் வீடாக இருந்தது. தெருவைப் பார்த்த முன்னறைதான் அவருடைய அலுவலகம். அவருடைய படம் இன்னும் அந்தச் சுவரில் தொங்கியது. முட்டை வடிவச் சட்டம். நரைத்த தாடி. நெஞ்சில் ஒரு பதக்கம். ஒரு கதிரையின் முதுகில் கை வைத்தபடி நின்றார். பெயர் மாட்ஸ் வின்தர்.

வீட்டுக்காரர் ஸ்ரிபன் ஓய்வுபெற்ற ஆசிரியர். எதிர்வீட்டில் தனியாக இருந்தார். படத்தைக் கழற்றக்கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. சாவி தந்த அன்றே வக்கீலின் கதையையும் சொல்லிவிட்டார்.

1864 இல் பிரஷ்யாவோடு நடந்த போருக்கு வின்தர் போனார். வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து திரும்பினார். மரக்கால் போட்டுக்கொண்டு சட்டம் படித்தார். பிறகு முப்பது வருடம் அந்த ஊரின் வக்கீல். வேலித் தகராறு, சொத்துப் பிரிப்பு, எல்லாவற்றையும் விட அதிகமாக உயில். யாராவது சாகக் கிடந்தால் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். வின்தர் வந்து, கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, சொல்லச் சொல்ல எழுதுவார். போகப் போக அந்த மரக்கால் சத்தம் தங்கள் வாசலில் கேட்டுவிடக்கூடாது என்று ஊரே பயந்ததாம்.

ஆனால் நேர்மையான மனிதர், என்றார் ஸ்ரிபன். ஒரு தடவை ஒரு விவசாயியின் உயிலுக்கு ஒரு சாட்சிதான் இருந்தார். இரண்டு பேர் வேண்டும். மகன் பக்கத்திலேயே நின்றான். சொத்து வாங்கப் போகும் பிள்ளை சாட்சியாக முடியாது என்று வின்தர் பேனாவை வைத்துவிட்டார். கொட்டும் பனியில் மரக்காலோடு பக்கத்துப் பண்ணைக்கு நடந்து போய் ஒருவரைக் கூட்டிவந்தார். தொடங்கிய உயிலை அவர் ஒருநாளும் முடிக்காமல் விட்டதில்லை. ஸ்ரிபன் அதைப் பெருமையாகச் சொன்னார்.

அப்பாவின் கட்டிலை முன்னறையில் போட்டோம். படத்துக்கு நேர் எதிரே.

அப்பாவுக்குப் படம் பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் வக்கீலை அப்புக்காத்து என்பார்கள். அப்பா அவரை மரியாதையாக அப்புக்காத்தர் என்று கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த ஒருவரை நிற்கவைத்துக் கதைப்பது எங்கள் ஆட்களிடம் இல்லை. அப்பாவிடம் அது கொஞ்சம் கூடுதல். தண்ணீர்க் குழாய் திருத்த வருகிற டெனிஷ்காரரையும் முதலில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துத்தான் வேலை செய்ய விடுவார். வந்த இரண்டாம் நாளே, படத்துக்குக் கீழே ஒரு கதிரை போடச் சொன்னார்.

"மனுசன் எத்தினை வருசமா நிக்குது. கால் உளையாதோ?" என்றார். பிறகு படத்தைப் பார்த்து, "இருங்கோ, அப்புக்காத்தர்."

பார்க்க வந்திருந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "செத்த ஆக்களைப் போய் இருக்கச் சொல்லுறீங்கள். அறிவில்லையே?"

"உன்னை நான் இப்பிடி ஒருநாளும் இருக்கச் சொன்னதில்லை எண்டு உனக்குப் பொறாமை."

நான் சிரித்துக்கொண்டே கதிரையைப் போட்டேன்.

அப்பாவின் மனதில் ஏதோ கிடந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. "எனக்குப் பிறகு..." என்று ஆரம்பிப்பார். அம்மா உடனே பேச்சை மாற்றுவார். தம்பி ஜதுர்சன் அறையை விட்டுப் போய்விடுவான். நானும்தான். அந்தக் கதையை எடுத்தாலே அது நடந்துவிடும் என்று எங்களுக்குப் பயம்.

இன்னொன்றையும் அவரிடம் மறைத்தோம். சண்முகலிங்கம் மாமா அப்போது ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். டென்மார்க்குக்கு வந்த புதிதில் அவரும் அப்பாவும் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். இருதய நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தோம்.

பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்குக் கிரின்ஸ்டெட்டில் முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் ஒரு தாதி வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு அப்பா கதைப்பதற்கு அந்தப் படம் மட்டும்தான் இருந்தது.

முதலில் கதிரை.

ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது அது சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. தாதி நகர்த்தியிருப்பார் என்று நினைத்தேன். திருப்பி வைத்தேன். அடுத்த நாள் அறையின் நடுவில் நின்றது. திருப்பி வைத்தேன். அதற்கடுத்த நாள் கட்டிலருகே. அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி.

அப்பா பாரம் தூக்கக்கூடாது. அவரைக் கேட்டேன். தான் தொடவில்லை என்றார்.

பிறகு தரை.

முன்கதவிலிருந்து கட்டில் வரை ஈரம். ஒரு இடது சப்பாத்தின் அடையாளம். அதற்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டம். சப்பாத்து, வட்டம். சப்பாத்து, வட்டம். கதிரைக் காலாக இருக்கும் என்று நினைத்தேன். கதிரையைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு கால்களும் சதுரம்.

துடைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

அப்பா நிம்மதியாக இருந்தார். "எனக்குப் பிறகு" என்று சொல்வதையே விட்டுவிட்டார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. என்ன, இப்போது ஒன்றும் சொல்வதில்லையே என்று கேட்டேன்.

"சொல்லவேண்டிய ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்," என்றார். "கொஞ்சம்தான் மிச்சம்."

அந்த வியாழக்கிழமை...

நாலு இருபதுக்கு வாசலில் காரை நிறுத்தினேன். டிசம்பரில் இங்கே அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். பனி கொட்டி ஓய்ந்திருந்தது. முன்னறையில் வெளிச்சம் இல்லை.

கதவு பூட்டித்தான் இருந்தது. சாவி போட்டுத் திறந்தேன். உள்ளே குளிர். ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. ஆனாலும் குளிர்.

அப்பாவின் குரல் கேட்டது. மெதுவாக. நிறுத்தி நிறுத்தி.

"...ஊரிலை இருக்கிற வீடும் காணியும் மகளுக்கு..."

கிறீச்... கிறீச்...

கடதாசியில் பேனா முள் ஓடும் சத்தம்.

"...அவள் வாய் திறந்து ஒண்டும் கேக்கமாட்டாள். அதாலதான்."

கிறீச்...

சுவிட்சை அழுத்தினேன். லைட் எரியவில்லை.

"பிள்ளை, வந்திட்டியோ?"

"ஓம், அப்பா."

"உள்ளுக்கு வா. உன்னைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம். சாட்சிக்கு இன்னொராள் வேணுமாம்."

இருக்கிறம்.

"ஆரப்பா?"

"அப்புக்காத்தர். பிறகு சண்முகலிங்கம். அவன் ஒரு சாட்சி. பார், இந்தக் குளிருக்கை வெறுங்காலோட வந்து நிக்கிறான்."

என் கண்கள் இருட்டுக்குப் பழகின. தெரு விளக்கின் வெளிச்சம் ஜன்னலால் கொஞ்சம் விழுந்தது.

கட்டிலருகே கதிரையில் ஒருவர் இருந்தார். ஒரு கால் மடங்கியிருந்தது. மற்றது விறைப்பாக நீட்டியிருந்தது.

தலைமாட்டில் இன்னொரு உருவம். நின்றது. வெள்ளையாக ஏதோ உடுத்தியிருந்தது.

சுவரில் படம். சட்டம் இருந்தது. அதற்குள் கதிரை இருந்தது.

கதிரை மட்டும்.

கட்டிலருகே இருந்தவர் என் பக்கம் கையை நீட்டினார். கையில் பேனா.

கத்த நினைத்தேன். நான் வாழ்க்கையில் கத்தியதில்லை. வரவில்லை.

ஸ்ரிபன் சொன்னது நினைவுக்கு வந்தது. பேனாவை வைத்துவிட்டார்...

டெனிஷில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான் இவருடைய மகள். நான் சாட்சியாக முடியாது."

கதிரை முனகியது.

டக்.

...

டக்.

என்னைக் கடந்து போனது. ஈரக் கம்பளி மணம். என் வலது தோள் மரத்துப்போனது.

முன்கதவு திறந்தது.

டக்.

வாசல்படி.

பிறகு ஒன்றுமில்லை. லைட் எரிந்தது.

அறையில் அப்பா மட்டும் இருந்தார். தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"முடியிற நேரத்திலை குழப்பிப்போட்டாய், பிள்ளை."

வின்தர் எங்கே போயிருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. பக்கத்தில் ஒருவரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். கூட்டிவந்தால் உயில் முடிந்துவிடும். உயில் முடிந்தால்...

அப்பாவுக்குக் கோட்டைப் போட்டேன். தோளில் தாங்கிக் காரில் ஏற்றினேன். வீட்டைப் பூட்டவில்லை. விளக்கை அணைக்கவில்லை. கார் புறப்பட்டபோது நாலு நாற்பது.

பாதி வழியில் அம்மாவின் அழைப்பு. கார் ஸ்பீக்கரில் எடுத்துவிட்டேன்.

"பிள்ளை, அப்பாவுக்குத் தெரியவேண்டாம். சண்முகலிங்கம் அண்ணை நாலு மணிபோல காலமாயிட்டாராம்..."

துண்டிக்கப் போனேன். அப்பா என் கையைத் தடுத்தார்.

"தெரியும்," என்றார். "இப்பதானே கண்டனான்."

நான் வேகத்தைக் கூட்டினேன்.

டொக்டர் வேண்டாம் என்ற படிகளில், ஒவ்வொரு மாடியிலும் இளைப்பாற விட்டு, நானும் ஜதுர்சனும் அப்பாவை மேலே கொண்டுபோனோம். மேலே போனதும் அவர் உதட்டின் நிறம் திரும்பியது. இரவு புட்டு கேட்டார்.

சனிக்கிழமை நல்ல வெளிச்சத்தில், ஜதுர்சனையும் கூட்டிக்கொண்டு, சாமான்களை எடுக்கப் போனேன். படம் பழையபடி இருந்தது. தாடி. பதக்கம். கதிரையின் முதுகில் கை.

ஸ்ரிபன் தெருவைக் கடந்து வந்தார். நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவராகவே கேட்டார், வியாழக்கிழமை எல்லாரும் அவ்வளவு அவசரமாக எங்கே போனீர்கள் என்று.

அன்று பின்னேரம் யாரோ அவருடைய கதவைத் தட்டினாராம். காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்ததால் கனநேரம் அவருக்குக் கேட்கவில்லை. திறந்தால் ஒரு வயதானவர். தொப்பி முகத்தை மறைத்திருந்தது. ஸ்ரிபனின் தாத்தா கதைத்தது போன்ற பழைய டெனிஷ். எதிர்வீட்டில் ஒரு கையெழுத்து வேண்டும், ஒரு நிமிட வேலை என்றாராம். ஸ்ரிபன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். கதவு திறந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. நாங்கள் இல்லை.

"வாசலில் உங்கள் ஆட்களில் ஒருவரும் நின்றார்," என்றார் ஸ்ரிபன். "ஆஸ்பத்திரி அங்கியோடு. அந்தப் பனியில், காலில் ஒன்றுமில்லாமல். அவர் இப்போது சுகமா?"

ஜதுர்சன் என்னைப் பார்த்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அந்த வயதானவர் நீங்கள் எங்கே போயிருப்பீர்கள் என்று கேட்டார். நல்ல மனிதராகத் தெரிந்தார். உன் பெற்றோரின் கிரின்ஸ்டெட் முகவரியைக் கொடுத்தேன். பிழையில்லையே?"

நான் வேலைக்குக் கிரின்ஸ்டெட்டிலிருந்தே இப்போது போய்வருகிறேன். அப்பா தேறி வருகிறார். அவர் "எனக்குப் பிறகு" என்று தொடங்கினால் நாங்கள் எழும்பிப் போய்விடுகிறோம். முன்பை விட வேகமாக. வந்தவர்களுக்குக் கதிரை போட அப்பாவை விடுவதில்லை; இப்போது அம்மாதான் போடுகிறார்.

போன கிழமை அம்மா வேலைக்குப் போகும்போது, முதலாம் மாடியில் படி முடியும் இடத்தில் ஈரம் கிடந்ததாம். ஒரு சப்பாத்து. ஒரு வட்டம். ஊன்றுகோலோடு யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொன்னார். முன்னறைத் தரையைப் பற்றி நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

நேற்று நான் பார்த்தேன். இரண்டாம் மாடியில்.

எங்கள் கதவுக்கு எதிர்க் கதவில் ஒரு டெனிஷ் அம்மா தனியாக இருக்கிறார். நாங்கள் வீட்டில் இல்லாத நேரங்களில் எங்களுக்கு வரும் பார்சல்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பவர். நல்ல மனுஷி.

யார் கேட்டாலும் மறுக்க மாட்டார்.